மீனவர் ஸ்வெட்டர்: அக்குளில் ஏன் கிழிவதில்லை?

கோத்தகிரி வாசகி (கேள்வி):

வணக்கம். எங்கள் வீட்டில் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என நான்கு துண்டுகளைத் தனித்தனியே பின்னி, கடைசியில் சேர்த்துத் தைப்பதே வழக்கம். தேயிலை மூட்டையைத் தோளில் ஏற்றி இறக்கும் என் கணவரின் ஸ்வெட்டர்கள் எல்லாம் இரண்டே பனிக்காலத்தில் அக்குள் தையலில் விட்டுப்போகின்றன. பிரிட்டன் கடற்கரை மீனவர்கள் அணிந்த 'கான்சி' ஸ்வெட்டரில் தையலே கிடையாது என்று அறிந்தேன். அதை எப்படிப் பின்னினார்கள்? மூழ்கியவரின் உடல் கரை ஒதுங்கினால், பின்னலைப் பார்த்தே அவருடைய ஊரைச் சொல்லிவிடுவார்கள் என்பது உண்மையா?

குன்னூர் பின்னல் ஆசிரியை:

சகோதரி, உங்கள் கணவரின் சிரமம்தான் வலை இழுத்த அந்த மீனவர்களின் சிரமமும். இரு முனையும் கூரான ஐந்து எஃகு ஊசிகளில் கண்ணிகளை, அதாவது பின்னலின் நூல் வளையங்களை, பகிர்ந்துகொண்டு, இடுப்பிலிருந்து அக்குள் வரை உடலைக் குழாய்போல வட்டமாகப் பின்னுவார்கள். ஆகவே பக்கவாட்டில் தைப்பதற்கு ஒன்றும் இல்லை. அக்குளுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழேயே இருபுறமும் சில சுற்றுகளுக்கு ஒருமுறை இரண்டு கண்ணிகளைக் கூட்டத் தொடங்கி, ஒரு முக்கோணத்தை விரியச் செய்வார்கள். பிறகு தோள்பட்டையை இணைத்து, கைக்கான கண்ணிகளை அங்கிருந்தே எடுத்துக் கீழ்நோக்கிப் பின்னும்போது, அதே அளவில் கண்ணிகளைக் குறைத்து முக்கோணத்தை மூடுவார்கள். அக்குளில் ஒரு சாய்சதுரம் அமைவதால், கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் உடல்பகுதி இழுபடாது.

கையை மேலிருந்து கீழே பின்னுவதில் இன்னொரு நன்மை உண்டு. முதலில் நைவது மணிக்கட்டுப் பகுதி. அதை மட்டும் பிரித்தெடுத்துப் புது நூலில் மறுபடி பின்னிவிடலாம். பல ஊர்களில் முன்னும் பின்னும் ஒன்றுபோலவே இருந்ததால், முழங்கைப் பகுதி தேய்ந்தால் திருப்பி அணிந்தார்கள். இவ்வளவு யோசித்துச் செய்த உடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பொறுமை மிகவும் வேண்டும். அங்குலத்திற்கு 7 அல்லது 8 கண்ணிகள் என்றால், 40 அங்குல மார்புக்கு ஒரு சுற்றில் 280 முதல் 320 கண்ணிகள் வரும்.

கொடைக்கானல் வாசகர்:

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஊர் அடையாளக் கதையை அப்படியே ஏற்க இயலாது. ஏணி, கயிறு, நங்கூரம், வலைக்கண் போன்ற வடிவங்களில் சில ஊர்களுக்கு விருப்பமானவை இருந்தன என்பது மெய்தான். ஆனால் ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் தொடர்ந்து, ஷெட்லாந்து தொடங்கி கிரேட் யார்மத் வரை துறைமுகம் துறைமுகமாகச் சென்று மீன் சுத்தம் செய்த ஸ்காட்லாந்துப் பெண்கள், ஓய்வு நேரமெல்லாம் பின்னியபடி ஒருவர் வடிவத்தை மற்றவர் கற்றுக்கொண்டார்கள். அப்படியிருக்க, ஒரு வடிவம் ஒரே ஊரின் சொத்தாக எப்படி நிலைத்திருக்கும்?

அயர்லாந்தின் அரன் தீவுகளைப் பற்றியும் சொல்லப்படும் இதே கதைக்கு ஜே. எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய 'ரைடர்ஸ் டு த சீ' என்ற நாடகம் வேராக இருந்திருக்கலாம். அதில் மூழ்கிய அண்ணனைத் தங்கை அடையாளம் காண்பது ஸ்வெட்டரால் அன்று. தான் பின்னிய காலுறையின் கண்ணிக் கணக்கால். உண்மையான அடையாளம் மிக எளிமையானது: சில கான்சிகளில் கீழ்விளிம்புக்குச் சற்று மேலே அணிபவரின் பெயர் முதலெழுத்துகளைப் பின்னியிருப்பார்கள்.

வரைபடமின்றிக் கண்ணிகளை எண்ணியே வடிவம் எழுப்பிய அப்பெண்களை நினைக்கும்போது, துணியின் இழைகளை எண்ணிப் பூவேலை செய்யும் நம் தோடர் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

கோத்தகிரி வாசகி:

இருவருக்கும் நன்றி. இங்கே எளிதில் கிடைக்கும் அக்ரிலிக் நூலில் இதைப் பின்னலாமா?

குன்னூர் பின்னல் ஆசிரியை:

அமைப்பைப் பழகுவதற்கு அக்ரிலிக் போதும். மழையிலும் பனியிலும் அணிவதற்குக் கம்பளியே வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. மீனவர்கள் கையாண்டது, நீண்ட இழைகளைச் சீவி, ஐந்து புரிகளை இறுக முறுக்கிய நூல். காற்று உட்புகாமல் தடுத்தது அந்த முறுக்கும் நெருக்கமான பின்னலும்தான். சாண்டிநல்லாவில் வளர்க்கப்படும் நீலகிரி ஆட்டின் மெல்லிய கம்பளி உடம்புக்கு இதமானது. ஆனால் மூட்டை உரசும் தோளுக்கு, முறுக்கேறிய நூலாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் ஒரு குழந்தை அளவில் அக்குள் சாய்சதுரத்தைப் பின்னிப் பாருங்கள். எண்ணிக்கை எங்கே பிசகுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.