எஸ்எஸ்டி மாற்றிய பிறகும் மடிக்கணினி அவ்வப்போது நின்றுவிடுகிறது: டிரைவைத் திருப்பிக் கொடுப்பதா?

காவிரிக்கரை:

வணக்கம். நான் தஞ்சாவூரில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. என் மடிக்கணினி 2014இல் வாங்கியது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் வினாத்தாள் கோப்பு திறப்பதற்குள் ஒரு காபி போட்டுக் குடித்துவிடலாம். டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் டிஸ்க் மட்டும் எப்போதும் 100 சதவீதம். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தகவலை வைக்கும் டிரைவ்) போட்டால் சரியாகும் என்று பலரும் சொன்னதால், உள்ளூர்க் கடை ஒன்றில் கொடுத்து 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்டு டிஸ்க் இருந்த அதே இணைப்பில் பொருந்துவது) போட்டு வாங்கினேன். பழைய டிஸ்கில் இருந்ததை அப்படியே குளோன் செய்து கொடுத்தார்கள்.

விண்டோஸ் இப்போது அரை நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று எல்லாம் நின்றுபோகிறது. மவுஸ் அம்பு நகரும். எதைத் தொட்டாலும் திறக்காது. கொஞ்ச நேரம் கழித்து, நான் அதுவரை அழுத்திய அத்தனையும் ஒரே சமயத்தில் திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜர் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது, ஆனால் வேகம் 0 கேபி. கடைக்காரர், “பழைய மாடல், அப்படித்தான் இருக்கும், ராமையும் கூட்டுங்கள்” என்கிறார். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியப்போகிறது. டிரைவ் போலியா? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. அவை கெட்டுவிடுமோ என்பதுதான் என் பெரிய கவலை.

நெல்லைக்காரன்:

போலி எஸ்எஸ்டி சந்தையில் ஏராளம். யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் வாங்க மறுத்தால் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பல வருடக் குப்பையோடு குளோன் செய்தால் பழைய கோளாறுகளும் கூடவே வரும்.

திருப்புளி:

டீச்சர், கொஞ்சம் பொறுங்கள். இருபது வருடமாக மதுரையில் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது “100 சதவீதம், 0 கேபி” என்ற இடம். டிரைவுக்கு வேலை அதிகமாகி மூச்சுத் திணறினால் வேகம் ஏதாவது ஒரு எண்ணில் நிற்கும். சுழியத்தில் நிற்கிறது என்றால், விண்டோஸ் கேட்ட தகவலுக்குப் பதிலே வரவில்லை என்று பொருள். ராம் கூட்டுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

வேறு எதையும் தொடுவதற்கு முன் மதிப்பெண் பட்டியல்களை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். கடையிலிருந்து பழைய டிஸ்கைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதை யாரும் ஃபார்மேட் செய்யக் கூடாது.

பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிரைவைப் பாருங்கள். 05, சி7 ஆகிய வரிகளின் எதிரே கடைசிப் பத்தியில் இருக்கும் எண்களும், மேலே ‘டிரான்ஸ்ஃபர் மோடு’ என்ற இடத்தில் இருப்பதும் எனக்கு வேண்டும். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, கணினி நின்ற நேரத்தில் 129 என்ற எண்ணுடன் எச்சரிக்கை இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

நன்றி ஐயா. பட்டியல்களை நகலெடுத்துவிட்டேன். பழைய டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது.

05இன் எதிரே எல்லாம் சுழியம். சி7இன் எதிரே 19எஃப் என்று முடிகிறது. டிரான்ஸ்ஃபர் மோடு ‘சாட்டா/600 | சாட்டா/600’. ஈவென்ட் வியூவரில் 129 வரிசையாக இருக்கிறது. ஸ்டோராஎச்சிஐ என்ற பெயரில், சாதனம் ரீசெட் செய்யப்பட்டது என்ற செய்தி. நேரமும் பொருந்துகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். மேசையில் அசையாமல் இருந்தால் குறைவாக நிற்கிறது. வகுப்பில் கையில் தூக்கி நகர்த்தும்போதும், மடியில் வைத்திருக்கும்போதும் அதிகமாக நிற்கிறது.

திருப்புளி:

கடைசியில் சொன்னீர்களே, அதுதான் பாதி விடை.

அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்டு, ஏ முதல் எஃப் வரை எழுத்துகளையும் சேர்த்து எண்ணும் முறை) காட்டும். 19எஃப் என்றால் 415. (ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போனால் சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.) சி7 என்பது சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை. டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் ஒட்டியிருக்கும். வந்து சேர்ந்த தகவலுக்கும் அந்த எண்ணுக்கும் ஒத்துப்போகாவிட்டால், தொலைபேசியில் சரியாகக் கேட்காதபோது “திரும்பச் சொல்லுங்கள்” என்போமே, அதுபோல மறுபடி கேட்டு வாங்கும். அப்படிக் கேட்க நேரும்போதெல்லாம் சி7 கூடும். கேட்டும் பதில் வராவிட்டால் விண்டோஸ் காத்திருந்து பார்த்துவிட்டு இணைப்பையே ரீசெட் செய்யும். நீங்கள் பார்க்கும் 129 அதுதான். எல்லாம் நின்றுபோவது அந்தக் காத்திருப்பில்தான்.

இதில் உங்களுக்கு ஆறுதலான செய்தியும் இருக்கிறது. பிழை கண்டுபிடிக்கப்பட்டு மறுபடி வாங்கப்படுவதால், கோப்புக்குள் தவறான தகவல் போய் உட்கார வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி முழுதாக நின்று, நீங்கள் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் கோப்பு கெடலாம். அதை மட்டும் செய்ய வேண்டாம்.

எஸ்எஸ்டியின் சிப்புகள் கெட்டால் பெரும்பாலும் 05 முதலிய வரிகளில் எண்கள் ஏறும். உங்களுடையதில் அவை சுத்தமாக இருக்கின்றன. நான் சந்தேகப்படுவது கேபிளை. பல மடிக்கணினிகளில் டிரைவ் நேராக மதர்போர்டில் செருகப்படுவதில்லை. பட்டையான ஒரு சின்னக் கேபிள் நடுவில் இருக்கும்.

நெல்லைக்காரன்:

ஐயா, ஒரு நியாயமான கேள்வி. அதே கேபிளில்தானே பழைய ஹார்டு டிஸ்க் இத்தனை வருடம் ஓடியது? டிரைவை மாற்றியதும் கேபிள் எப்படிக் கெடும்?

திருப்புளி:

கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

டீச்சர் தன் பழைய டிஸ்கின் லேபிளைப் பார்க்கட்டும். அந்தக் காலத்து டிஸ்குகள் பலவற்றில் நொடிக்கு 3 கிகாபிட் என்றுதான் இருக்கும். புதிய எஸ்எஸ்டி 6 கிகாபிட்டில் பேசுகிறது. சாட்டா/300, சாட்டா/600 என்ற பெயர்கள் அங்கிருந்துதான் வந்தன: ஒவ்வொரு பைட்டும் கம்பியில் 10 பிட்டுகளாகப் போவதால் 3 கிகாபிட் 300 எம்பி ஆகிறது, 6 கிகாபிட் 600 எம்பி ஆகிறது. வேகம் இரு மடங்காகும்போது ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிறது. 3 கிகாபிட்டில் பொறுத்துக்கொண்ட சின்ன மடிப்பை அதே கேபிள் 6 கிகாபிட்டில் பொறுத்துக்கொள்வதில்லை. போதாததற்கு, நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தாலே நொடிக்கு 100 எம்பி பக்கம்தான் தரும். அதனால் கேபிளுக்கு முழு வேலையே இருந்ததில்லை.

இரண்டாவது, பருமன். பழைய டிஸ்குகள் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் உயரம், சாட்டா எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். இடையில் 2.5 மில்லிமீட்டர் வெற்றிடம். அதை நிரப்பச் சில எஸ்எஸ்டிகளுடன் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும். அதைப் போடாமல், பிராக்கெட்டின் ஸ்குருக்களையும் சரியாகப் பூட்டாமல் விட்டால், தூக்கி நகர்த்தும்போதெல்லாம் டிரைவ் ஆடி கனெக்டரை நெம்பும். டீச்சர் சொன்ன அறிகுறி இதோடு பொருந்துகிறது.

பொறியியல் மாணவி:

அண்ணா சொல்வது சரியாகத்தான் படுகிறது. ஆனால் கேபிள் வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடலாமே டீச்சர்.

129 வருவதற்கு மின்சேமிப்பும் காரணமாக இருக்கலாம். சும்மா இருக்கும்போது சாட்டா இணைப்பைத் தூங்கவைக்கும் வசதி சில எஸ்எஸ்டிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பவர் ஆப்ஷன்ஸில் ஹை பெர்ஃபார்மன்ஸைத் தேர்ந்தெடுத்து ஒரு நாள் பாருங்கள். நிற்பது குறைந்தால் காரணம் அதுதான்.

குறையாவிட்டால், லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) போட்ட பென் டிரைவிலிருந்து கணினியைத் திறங்கள். நிறுவ வேண்டியதில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும். டிஸ்க்ஸ் செயலியில் வேகச் சோதனை இருக்கிறது. அதில் எழுதும் சோதனைக்கான கட்டத்தில் டிக் இருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். படிக்கும் சோதனை மட்டும் போதும். முடிந்ததும் லாக்ஸ் செயலியில் ஹார்டுவேர் பகுதியைப் பாருங்கள். லினக்ஸிலும் இதே கோளாறு வந்தால் விண்டோஸைப் புதிதாக நிறுவிப் பயனில்லை என்பது உறுதியாகிவிடும்.

காவிரிக்கரை:

பழைய டிஸ்கின் லேபிளில் 3.0 கிகாபிட் என்றே அச்சிட்டிருக்கிறது!

ஹை பெர்ஃபார்மன்ஸில் எந்த மாற்றமும் இல்லை. சி7 இப்போது 1டி2, அதாவது 466.

லினக்ஸ் சோதனையில் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன். வேக வரைபடம் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று இடங்களில் தரைக்கு விழுந்தது. அதன் பிறகு ஏறக்குறைய 270 எம்பியில் ஒரே நேர்கோடாகப் போனது, ஒருமுறைகூட நிற்கவில்லை. லாக்ஸில் சிவப்பு வரிகள் சில இருந்தன. அவற்றுக்குக் கீழே, சாட்டா இணைப்பின் வேகம் 3.0 கிகாபிட்டுக்குக் குறைக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குப் பின் பிழையே இல்லை.

பொறியியல் மாணவி:

இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது டீச்சர். பிழைகள் தொடர்ந்து வருவதைக் கண்டு லினக்ஸ் தானாகவே வேகத்தைப் பாதியாக்கிவிட்டது. பாதி வேகத்தில் அதே எஸ்எஸ்டி பிசகாமல் ஓடுகிறது. டிரைவின் மேல் குற்றமில்லை.

நெல்லைக்காரன்:

ஒப்புக்கொள்கிறேன். திருப்பிக் கொடுத்து வேறு எஸ்எஸ்டி வாங்கியிருந்தால் அதுவும் இப்படியேதான் நின்றிருக்கும்.

திருப்புளி:

இனி கேபிள். மடிக்கணினியின் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று மதர்போர்டுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கேபிள் வேறு. கேபிளின் மேல் சிறிய வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். அதில் உள்ள எண்ணைப் படம் எடுத்து அந்த எண்ணைச் சொல்லித் தேடுங்கள். சென்னை ரிச்சி தெருவிலும் இதைத்தான் கேட்பார்கள்.

திறக்கும்போது முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. வெளியிலிருந்து கழற்றும் பேட்டரி என்றால் சுலபம். உள்ளே இருந்தால் மதர்போர்டில் அதன் கனெக்டரைப் பிரித்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். டிரைவை மேலே தூக்காதீர்கள், கனெக்டர் இருக்கும் திசைக்கு எதிரே கிடையாக நகர்த்தி எடுங்கள். மதர்போர்டு முனையில் கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது. சில மாடல்களில் அங்கே மெல்லிய கறுப்புத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும், நகத்தால் நிமிர்த்தினால் கேபிள் தானே விடும். அது ஒடிந்தால் மதர்போர்டு வேலையாகிவிடும். அவசரப்படாதீர்கள்.

காவிரிக்கரை:

மாற்றிவிட்டோம் ஐயா! எங்கள் பள்ளி ஆய்வக உதவியாளர் அண்ணன் துணைக்கு இருந்தார்.

உள்ளே பார்த்ததும் எங்கள் இருவருக்குமே புரிந்துவிட்டது. எஸ்எஸ்டியை ஒரு பக்கம் மட்டும் ஸ்குரு போட்டு விட்டிருந்தார்கள். மறுபக்கத்தை விரலால் அழுத்தினால் ஊஞ்சலாடியது. பிளாஸ்டிக் சட்டம் இல்லை. கேபிள் பிராக்கெட்டின் மூலையில் சுற்றித் திரும்பும் இடத்தில், மேலே ஒட்டியிருந்த டேப்பை உரித்தால், நகத்தால் கீறியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தபோது கோட்டின் ஓரத்தில் செப்பு பளபளத்தது.

புதிய கேபிளும் சட்டமும் போட்டு நான்கு ஸ்குருக்களையும் பூட்டினோம். அதே லினக்ஸ் சோதனையில் இப்போது 520 எம்பிக்கு மேல் வருகிறது, வரைபடத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை. விண்டோஸில் ஒரு வாரமாக ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனால் சி7 இன்னும் 488 என்றே காட்டுகிறது. அது சுழியத்துக்குத் திரும்ப வேண்டாமா?

திருப்புளி:

திரும்பாது டீச்சர். அது டிரைவின் ஆயுள் கணக்கு, இறங்கவே இறங்காது. 488இலேயே நின்றால் நலம். கூடினால் மட்டும் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் டிஃப்ராக்மென்ட் என்று தேடினால் வரும் சாளரத்தில், சி டிரைவுக்கு எதிரே ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று காட்டுகிறதா என்று பாருங்கள். குளோன் செய்த கணினிகளில் ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம். அப்படிக் காட்டினால் ட்ரிம் வேலையை (அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) விண்டோஸ் தானே பார்த்துக்கொள்ளும்.

பொறியியல் மாணவி:

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது டீச்சர். நான்காம் தலைமுறை ஐ3க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது; இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விடுமுறையில் அந்த லினக்ஸ் மின்டையே நிறுவுவது பற்றி யோசியுங்கள். தமிழ்த் தட்டச்சு அதில் நன்றாக வேலை செய்யும்.

காவிரிக்கரை:

‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்றே காட்டுகிறது. லினக்ஸைத் தேர்வுகள் முடிந்ததும் பார்க்கிறேன்மா. கடைசியாக ஒன்று: பழைய டிஸ்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா? அதில் சி5 என்ற வரியில் 8 என்று இருக்கிறது, பக்கத்தில் மஞ்சள் நிறம்.

திருப்புளி:

வேண்டாம். படிக்க முடியாமல் தவிக்கும் இடங்கள் எட்டு இருக்கின்றன என்பது அதன் பொருள். அது இனிக் கூடவும் வாய்ப்பு உண்டு. தேர்வு முடியும்வரை உள்ளே இருப்பதை அழிக்காமல் அலமாரியில் வைத்திருங்கள். புதிதாக எதையும் அதில் எழுதாதீர்கள். பேக்கப்புக்கு வேறு டிஸ்க் வாங்குங்கள். குளோன் எடுத்தபோது அந்த எட்டு இடங்களில் ஏதாவது கோப்பு இருந்திருக்கலாம். அதனால் மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுங்கள். கேபிளின் எண்ணையும் இங்கே எழுதிவிட்டுப் போங்கள், இதே மாடல் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.