‘ஐசிங்’ என்பதற்கு ‘உறைபடிவு’: பனி என்ற சொல் வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

சிறு விமானம் ஓட்டுவோருக்கான குளிர்காலக் குறிப்புகளைத் தமிழில் எழுதும் வேலையில் ‘ஐசிங்’, அதாவது விமானத்தின் மேலோ எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியிலோ ஈரம் கட்டியாக உறைந்து படிவது, என்பதற்கு இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: ‘பனிப்படிவு’, ‘குளிர்கால உறைவு’. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

‘பனிப்படிவு’ காதுக்கு இனிமைதான். ஆனால் எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி, தை விடியலில் புல்லில் நிற்கிற ஈரம். பௌதிகவியல் பாடத்திலும் நீராவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலைக்குப் ‘பனிபடுநிலை’ என்றே பெயர். அங்கே படுவது நீர்த்துளி. அதைப் படித்து வந்த பிள்ளை ‘இறக்கையில் பனிப்படிவு’ என்று கண்டால் ஈரம் என்றே நினைக்கும். ஈர இறக்கையோடு புறப்படலாம். கட்டியாக உறைந்த இறக்கையோடு புறப்படவே கூடாது. முரட்டுச் சாண்ட் பேப்பர் அளவுக்குச் சொரசொரப்பு இருந்தாலே இறக்கையின் தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம் என்கிறது அமெரிக்க விமானத்துறையின் பயிற்சிக் கையேடு.

‘குளிர்கால உறைவு’ இதைவிட ஆபத்தான சொல். எஞ்சினுக்குப் போகும் காற்றில் பெற்றோலைக் கலந்துவிடும் காபுரேற்றருக்குள் நடப்பதைப் பாருங்கள். பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கையில் பெற்றோல் பட்டால் சில்லென்று இருப்பதும் இதனால்தான். குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுத்து அமுக்கம் குறையும்போது இன்னும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 20 பாகைக்கு மேலும் இறக்கிவிடும்; காற்றிலுள்ள ஈரம் அங்கேயே உறைந்து படியும். வெளியே 21 பாகை செல்சியசுக்குக் கீழும் சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பத அளவு) 80 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் இப்படி உறையும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் 38 பாகை வெயிலிலும் இது நேரலாம். அதாவது, பனிக்கட்டியையே காணாத பலாலி ஓடுபாதைக்கு மேலும், பழைய செஸ்னா 150 போன்ற காபுரேற்றர் விமானம் திறொட்டிலை (எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) குறைத்து இறங்கும்போது, எஞ்சினின் தொண்டை அடைபடலாம். பெயரிலேயே ‘குளிர்கால’ என்று வைத்தால், இது ரொறன்ரோக்காரரின் கவலை என்று இங்கே படிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ஆகவே என் பரிந்துரை ‘உறைபடிவு’. உறைந்து படிவது, பருவம் எதையும் சுட்டாது. இறக்கையிலும் உடலிலும் படிவது புற உறைபடிவு, காற்று உள்ளே போகும் வழியில் படிவது அக உறைபடிவு. ‘உறைபடிந்த இறக்கை’ என்று இயல்பாக எழுதவும் வரும். இரவில் வெளியே நிறுத்திய விமானத்தில் நீராவி நேரே உறைந்து பூக்கும் வெண்படலத்துக்கு ‘உறைபனி’ என்ற பழகிய சொல்லே இருக்கட்டும்.

அடுத்து ‘காப் ஹீற்’, அதாவது காபுரேற்றரில் படிந்த கட்டியைக் கரைக்கும் ஏற்பாடு. ‘சூடேற்றி’ என்றால் காபுரேற்றரில் ஏதோ மின்கருவி பொருத்தியிருப்பதுபோல் தோன்றும். உண்மையில் புகைபோக்கிக் குழாயைச் சுற்றிவரும் சூடான காற்றைத்தான் உள்ளே விடுகிறோம். சுடுதண்ணி என்கிற நாங்கள் ‘சுடுகாற்று’ எனலாம்; இழுக்கும் பிடி ‘சுடுகாற்றுப் பிடி’. இதற்கான விளக்கத்தில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: பிடியை இழுத்ததும் எஞ்சினின் சுற்றுவேகம் மேலும் குறையும், உருகிய நீர் உள்ளே போவதால் எஞ்சின் உதறவும் செய்யும். பயந்துபோய்ப் பிடியைத் திரும்பத் தள்ளிவிடக் கூடாது. கட்டி கரைந்த பிறகு வேகம் தானாக ஏறும்.

‘உறை’ என்றால் மூடும் உறையும் ஆகுமே என்று கனடாவிலிருந்து தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, ஏனென்றால் உறைபனி படியாமல் இறக்கைக்கு மேல் விரிக்கும் துணியும் இதே குறிப்புகளில் வருகிறது. அதை ‘இறக்கை உறை’ என்னாமல் ‘இறக்கைப் போர்வை’ என்றால் சிக்கல் தீர்ந்துவிடும். தம்பி, நீங்கள் அங்கே விமானத்தோடு புழங்குகிறவர். ‘புற’, ‘அக’ என்ற பிரிப்பு கைக்கு வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.