கலைச்சொல் விவாதம்: சொகுசுக் கப்பலில் பயணியின் பெயரில் ஏறும் செலவுக் கணக்குக்குத் தமிழில் என்ன பெயர்?

கடலோடி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

சொகுசுக் கப்பல் பயணிகளுக்கான தமிழ்க் கையேட்டில், பணம் செலுத்தும் பகுதி மட்டும் முடியாமல் நிற்கிறது. ஆன்போர்டு அக்கவுண்ட் (கப்பலில் செய்யும் செலவு ஏறும் கணக்கு), ஹோல்டு (வங்கி அட்டையில் ஒரு தொகையைத் தனியே நிறுத்திவைப்பது), ஆன்போர்டு கிரெடிட் (கப்பலில் செலவழிக்கப் பயணியின் கணக்கில் வைக்கும் தொகை) ஆகிய மூன்றுக்கும் சொல் வேண்டும். பொருள் பிசகினால் பயணியின் கைப்பணம் போகும் என்பதால், நடைமுறையை முதலில் விளக்கிவிடுகிறேன்.

கப்பலுக்குள் மதுக்கூடம், கடை, ஸ்பா, சிறப்பு உணவகம், கரைச் சுற்றுலாப் பதிவு என எங்கேயும் பொதுவாக ரொக்கம் வாங்க மாட்டார்கள். உங்கள் வங்கி அட்டையையும் அங்கே நீட்ட முடியாது. ஏறும்போது தரும் கப்பல் அட்டைதான் அறைச் சாவி, அடையாளச் சீட்டு, செலவு அட்டை எல்லாமே. ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனம் இதைச் சீபாஸ் என்கிறது. கார்னிவல் செயில் அண்ட் சைன் என்கிறது. பிரின்சஸ் கப்பல்களில் கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் மெடாலியன். ஒவ்வொரு செலவும் பயணியின் பெயரில் ஏறிக்கொண்டே போகும். பயணத்தின் கடைசி இரவிலோ இறங்கும் நாள் அதிகாலையிலோ மொத்தத் தொகையும் பதிவு செய்த வங்கி அட்டையில் வசூலாகும்.

வங்கி அட்டையைப் புறப்படுவதற்கு முன் இணையப் பதிவிலேயே இணைக்கலாம். இல்லாவிட்டால் துறைமுகத்தில் ஏறும்போதோ, கப்பலின் வரவேற்பு மேசையிலோ, சில கப்பல்களில் அதற்கென வைத்துள்ள தானியங்கிப் பெட்டியிலோ இணைக்கலாம். அட்டை வேண்டாம் என்பவர் ரொக்கத்தை முன்வைப்பாகக் கட்டலாம். அது தீர்ந்ததும் செலவு வசதி பூட்டிக்கொள்ளும்; சாவி வேலை செய்யும், காப்பிக் கடை மறுக்கும். மறுபடி மேசைக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டும்.

ஒரு குடும்பத்தின் எல்லா அட்டைகளையும் ஒரே வங்கி அட்டையில் இணைக்கலாம். ஒரே அறையில் இருக்கும் இருவர் தனித்தனி வங்கி அட்டைகளையும் இணைக்கலாம். பிள்ளைகளின் அட்டையில் செலவு வசதியை மேசையில் சொல்லி நிறுத்தலாம். பல கப்பல்களில் உச்சவரம்பும் வைக்கலாம். முதல் நாளே செய்துவிடுவது நல்லது. விளையாட்டுக் கூடத்தில் ஏறிய தொகை பெரும்பாலும் திரும்பாது.

இந்த ஆன்போர்டு அக்கவுண்ட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

சொல்லாயம் எழுதியது:

அறைக்கணக்கு என்பது விடுதிகளில் வழங்குகிற சொல். ஆனால் ஒரே அறையில் இரண்டு கணக்கு இருக்கலாம் என்று சொல்லிவிட்டீர்கள். எனவே அது பொருந்தாது. 'பணப்பை' என்று செயலிகளில் எழுதுவதும் கூடாது. பணப்பை என்றால் முன்பே பணம் போட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

இந்தக் கணக்கை ஆங்கிலத்தில் ஃபோலியோ என்றும் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு மூலத்தில் ஏடு என்ற பொருள் இருப்பதால் 'செலவேடு' எப்படி? கப்பலைக் குறிக்க முன்னொட்டு வேண்டுமானால் கலம் என்பதைச் சேர்க்கலாம்.

பேரேடு எழுதியது:

செலவேடு அழகான சொல்தான். ஆனால் வீட்டுச் செலவைக் குறித்துவைக்கும் நோட்டும் செலவேடுதான். அதில் கடன் என்ற பொருளே இல்லை. கப்பலில் நடப்பது கடன். பொருளை இப்போது வாங்கி, பெயரில் எழுதவைத்து, பிறகு ஒரே தடவையில் தீர்ப்பது. தமிழில் இதற்கு ஏற்கெனவே சொல் உண்டு: பற்று. 'பற்றில் எழுதிக்கொள்ளுங்கள்' என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். விற்பவரின் பேரேட்டில் வாங்கியவர் பெயரில் பற்று வைப்பதுதான் முறையான கணக்குப் பதிவும். ஆகவே கப்பல் பற்றுக்கணக்கு.

கலம் என்ற முன்னொட்டைத் தயவுசெய்து வேண்டாம் என்கிறேன். 'கலப்பற்று' என்று எழுதினால் கலப்பு அற்று என்று படிக்க நேரும்.

சொல்லாயம் எழுதியது:

> ஆகவே கப்பல் பற்றுக்கணக்கு.

ஒரு தடை. டெபிட் கார்டைப் பற்றட்டை என்று எழுதுகிறோம். பற்றுக்கணக்கு என்றதும் பற்றட்டையோடு இணைந்த கணக்கு என்று கொள்ள மாட்டார்களா? ரொக்கம் கட்டியவருக்கும் பற்றுக்கணக்கு என்ற பெயர் சரிதானா?

பேரேடு எழுதியது:

ரொக்கம் கட்டியவருக்கு அந்தத் தொகை முதலில் வரவாக நிற்கும், செலவெல்லாம் பற்றாக ஏறும். கணக்கின் பெயர் மாற வேண்டியதில்லை.

பற்றட்டைக் குழப்பம் நியாயமான கவலை. அதைத் தவிர்க்கக் கையேட்டில் வங்கி அட்டைகளைக் கடனட்டை, டெபிட் கார்டு என்றே எழுதிவிடலாம். ஒரு பக்கத்தில் பற்று என்ற சொல் ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும்.

அடுத்து ஹோல்டு. எனக்கு இதில்தான் மிகுந்த அக்கறை. சில மொழிபெயர்ப்புகளில் 'பிடித்தம்' என்று பார்த்தேன். அது தவறு. சம்பளத்தில் பிடித்தம், வரிப்பிடித்தம் எல்லாம் பணம் போய்விட்டதைக் குறிப்பவை. ஹோல்டில் பணம் போகவில்லை. 'முடக்கம்' என்றால் கணக்கு முழுவதும் முடங்கியதாகப் பொருள்படும். கடலோடி, கப்பல்கள் இதை எப்படிப் போடுகின்றன என்று விரிவாகச் சொல்ல முடியுமா?

கடலோடி எழுதியது:

சொல்கிறேன், புகார்களில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

கப்பல் நிறுவனம் முதல் நாளே வங்கியிடம், 'இந்த அட்டையில் இவ்வளவு தொகை இருக்கிறதா, இருந்தால் வேறு எதற்கும் கொடுக்காமல் வையுங்கள்' என்று கேட்கிறது. செலவு அந்த அளவைத் தாண்டத் தாண்ட மேலும் மேலும் கேட்கும். சில நிறுவனங்கள் அன்றன்றைய செலவுக்குத் தனித்தனியாகக் கேட்கும். பயண முடிவில் மொத்தத்துக்கும் ஒரே வசூல். அந்த வசூல் தொகை, இடையில் கேட்ட துண்டுத் தொகைகள் எதனோடும் பொருந்தாது. ஆகவே பல வங்கிகளில் பழைய தொகைகள் உடனே விடுபடுவதில்லை; காலாவதியாகித்தான் விடுபடும். வங்கியைப் பொறுத்துச் சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும்.

எடுத்துக்காட்டாக, பயணம் முழுவதும் 600 டாலர் செலவு என்று வையுங்கள். துண்டு துண்டாக 600 தனியே நிற்க, இறுதி வசூல் இன்னொரு 600. கொஞ்ச நாளைக்கு 1,200 டாலர் கைக்கு எட்டாது. கடனட்டையில் இது வரம்பைக் குறைக்கும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் சேமிப்புப் பணமே நிற்கும். வீட்டுக் கடன் தவணை திரும்பிவிடும் அபாயம் உண்டு. அதனால்தான் கடனட்டையைப் பதியுங்கள் என்கிறோம். டெபிட் கார்டு மட்டுமே இருந்தால், எதிர்பார்க்கும் செலவைப் போல இரண்டு மடங்கு கணக்கில் இருக்கட்டும், அல்லது ரொக்க முன்வைப்பு கட்டுங்கள்.

இரண்டு முறை எடுத்துவிட்டார்கள் என்று பயணி கப்பல் நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவார். விடுவிக்க வேண்டியது அவருடைய வங்கி.

பேரேடு எழுதியது:

அப்படியானால் ஒதுக்கிவைப்பு. வங்கி ஒதுக்கிவைக்கிறது, பணம் இன்னும் உங்களுடையதே. '140 டாலர் ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளது' என்று படிப்பவர் பணம் போய்விட்டது என்று பதற மாட்டார். வினையாகவும் இயல்பாக நிற்கிறது. எதிர்ச்சொல் 'விடுவிப்பு'.

சொல்லாயம் எழுதியது:

முழு உடன்பாடு. ஹோல்டுக்கு 'முன்னங்கீகாரம்' (ப்ரீ-ஆத்தரைசேஷன்) என்று நான் எழுதி வைத்திருந்ததை விட்டுவிடலாம். அது வங்கிக்குள் நடக்கும் செயலைச் சொல்கிறது. பயணி காண்பது ஒதுக்கிவைப்பைத்தான்.

ஆன்போர்டு கிரெடிட்டுக்குப் பற்றின் இணையாகக் 'கப்பல் வரவு' என்று போட ஆசைதான். ஆனால் துறைமுக அட்டவணையில் கப்பல் வரவு என்றால் கப்பல் வந்து சேரும் நேரம். 'பயண வரவு' என்பதிலும் அதே சிக்கல்.

கடலோடி எழுதியது:

அதன் இயல்பைச் சொல்கிறேன், பெயர் தானே வரும். முன்பதிவுச் சலுகையாக நிறுவனமோ பயண முகவரோ தருவது ஒன்று. பணம் கட்டிய கரைச் சுற்றுலா ரத்தானால் திரும்ப வரவு வைப்பது இன்னொன்று. முதல் வகையைப் பெரும்பாலும் கப்பலிலேயே செலவழித்தாக வேண்டும்; மிச்சம் இறங்கும்போது அழிந்துவிடும். இரண்டாம் வகையில் மிஞ்சியது கையில் வரும், அல்லது அட்டைக்குத் திரும்பும். சூதாட்டக் கூடத்தில் சலுகைத் தொகையைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

அழியக்கூடிய தொகையை எப்போது தீர்ப்பது என்பதையும் கையேட்டில் எழுதியாக வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது சுங்க விதிகளால் கப்பல் கடைகள் மூடியிருக்கும். இறங்கும் நாள் காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் போயிற்று. கடைசிக் கடல்நாள் (துறைமுகத்தில் நிற்காமல் கடலிலேயே செல்லும் நாள்) மாலைக்குள் செயலியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ இருப்பைப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். பல நிறுவனங்களில் நாளாந்த டிப்ஸுக்கும் அது கழியும். அதை மேசையில் கேட்டு உறுதி செய்துகொண்டால் தேவையில்லாத பொருள் வாங்க வேண்டியதில்லை.

பேரேடு எழுதியது:

சலுகைவரவு என்று வையுங்கள். வகை பிரிக்க: பணமாகும் சலுகைவரவு, பணமாகாச் சலுகைவரவு. 'மீளத்தகு', 'மீளத்தகா' என்பவை சட்டப் பத்திரத்துக்குச் சரி. வரிசையில் நிற்கும் பயணிக்கு அல்ல. ரத்தான சுற்றுலாவின் பணம் சலுகையே அல்ல. அதை வெறும் 'திருப்பு வரவு' என்று தனியாக எழுதுவதே நேர்மை.

சொல்லாயம் எழுதியது:

நாளாந்த டிப்ஸ் என்ற இடத்தில் அகராதியைப் பார்த்து யாராவது 'பணிக்கொடை' என்று மாற்றிவிடக் கூடாது. பணிக்கொடை ஓய்வு பெறும் ஊழியருக்கு முதலாளி தருவது. டிப்ஸ் எல்லார் வாயிலும் இருக்கிற சொல், இருக்கட்டும்.

கடலோடி எழுதியது:

நன்றி. அந்த டிப்ஸ் விஷயத்திலும் பணம் தவறுகிறது. பல நிறுவனங்களில் டிப்ஸ் ஆளுக்கு, நாளுக்கு என்று தானாகவே ஏறும். நாளுக்கு 16 டாலர் என்று வைத்தால் இருவருக்கு 7 இரவில் 224 டாலர். பயணி எதையுமே வாங்காவிட்டாலும் பற்று பூச்சியமாக இருக்காது. மதுக்கூடத்திலும் ஸ்பாவிலும் 18 முதல் 20 விழுக்காடு சேவைக் கட்டணம் அநேகமாக முன்பே சேர்ந்திருக்கும். ஆனாலும் கையெழுத்துச் சீட்டில் டிப்ஸுக்கு ஒரு காலிக் கோடு இருக்கும். அதை நிரப்பினால் இரண்டாவது தடவை கொடுப்பதாகும்.

இன்னொரு கண்ணி: கப்பலின் நாணயம் டாலர் அல்லது யூரோ, உங்கள் அட்டை வேறு நாணயம் என்றால், சில நிறுவனங்கள் தாங்களே நாணயம் மாற்றி வசூலிக்கும். அந்த விகிதத்தில் கூடுதல் சதவீதம் ஒளிந்திருக்கும். கப்பல் நாணயத்திலேயே வசூலிக்கும்படி இறுதி நாளுக்கு முன்பே மேசையில் எழுதித் தர வேண்டும். வசூலான பிறகு மாற்றுவது கடினம். சூதாட்டக் கூடத்தில் கப்பல் அட்டையில் பணம் எடுத்தால் 3 முதல் 5 விழுக்காடு வரை கட்டணம் சேர்க்கும் நிறுவனங்களும் உண்டு. கப்பல் மருத்துவமனைக் கட்டணமும் இதே பற்றில்தான் ஏறும். காப்பீட்டுக்கு விண்ணப்பிக்க, இறங்கும் முன்பே விவரப் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தச் சொற்களை வைத்து எழுதிய பத்தி கீழே. பார்த்துச் சொல்லுங்கள்.

'உங்கள் கப்பல் பற்றுக்கணக்கைத் தினமும் செயலியில் பாருங்கள். தவறான பற்று இருந்தால் அன்றே வரவேற்பு மேசையில் சொல்லுங்கள். கடைசி இரவில் அங்கே வரிசை நீளும். வங்கியின் ஒதுக்கிவைப்பு உங்கள் செலவை விட அதிகமாகத் தெரியலாம். அது வசூல் அல்ல. பணமாகாச் சலுகைவரவைக் கடைசிக் கடல்நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இறுதிப் பட்டியல் வந்த பிறகு வாங்கியவையும் தனியாகச் சேரும்.'

பேரேடு எழுதியது:

'தவறான பற்று' என்பதில் ஒரு சிறு திருத்தம். தொகை தவறா, பெயர் தவறா என்று தெரிய வேண்டும். 'நீங்கள் வாங்காத பொருளோ தவறான தொகையோ பற்றில் ஏறியிருந்தால்' என்று போடுங்கள். மேசையில் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே. கையெழுத்துச் சீட்டின் நகலை எடுத்துப் போகவும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சொல்லாயம் எழுதியது:

கப்பல் பற்றுக்கணக்கு, ஒதுக்கிவைப்பு, விடுவிப்பு, சலுகைவரவு, திருப்பு வரவு ஆகிய ஐந்தையும் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டேன். கப்பல் தானே செய்யும் நாணயமாற்றுக்கு 'வசூல்நேர நாணயமாற்று' என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால், இதே இழையில் எழுதுங்கள்.