வின்சென்ட் கோமஸா, சுரேந்திரன் ஆசானா? மலையாளத்தின் உண்மையான தாதா படம் எது?

பழையரீல்:
நேற்று இரவு கம்மட்டிப்பாடம் இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். ராஜீவ் ரவி இயக்கம், 2016, ஏறக்குறைய மூன்று மணி நேரம். நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் மலையாளத்தின் தலைசிறந்த தாதா படம் என்று இதைத் தூக்கி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தாதா படம் என்றால் நடுவில் ஒரு தாதா உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் தாதாவான சுரேந்திரன் ஆசான் எத்தனை காட்சிகளில் வருகிறார், சொல்லுங்கள்?

1986-இல் வந்த ராஜாவின்டெ மகன் படத்தைப் பாருங்கள். டென்னிஸ் ஜோசப் எழுத்து, தம்பி கண்ணந்தானம் இயக்கம். மோகன்லாலுக்கு அப்போது 26 வயது. அந்த வயதில் ஒருவர் வின்சென்ட் கோமஸ் என்ற தாதாவாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் மொத்தத் திரையும் அவருடையதாகிவிடுகிறது. குரலை உயர்த்துவதே இல்லை. 2255 என்று ஒரு போன் நம்பரைச் சொல்வார், நாற்பது வருடம் ஆகப்போகிறது, கேரளத்தில் அந்த எண்ணை இன்னும் யாரும் மறக்கவில்லை. நான் சின்ன வயதில் சத்யராஜ் நடித்த தமிழ் வடிவமான மக்கள் என் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் மூலத்தைப் பார்த்தபோதுதான் தாதா என்ற பாத்திரத்துக்கு இவ்வளவு கண்ணியம் கொடுக்க முடியும் என்று தெரிந்தது.

வயல்காட்டான்:
சார், அந்தக் கண்ணியம்தான் எனக்குப் பிரச்சினை. வின்சென்ட் கோமஸுக்கு அடியாட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வீடு எங்கே, அம்மா யார், ராத்திரி எங்கே தூங்குகிறார்கள், ஏதாவது நமக்குத் தெரியுமா? கம்மட்டிப்பாடம் அந்த அடியாட்களின் வீட்டுக்குள் போய் உட்கார்கிறது. அடியாட்களான பாலனும் கங்காவும்தான் படம். சுரேந்திரன் தூரத்தில் தெரிவதற்குக் காரணம், கூலிக்கு அடிதடி செய்யும் ஒரு கொட்டேஷன் கும்பலில் கத்தி எடுக்கிறவன் கண்ணுக்கு முதலாளி அவ்வளவுதான் தெரிவார்.

நான் எர்ணாகுளத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். சவுத் ரயில் நிலையத்துக்கும் கேரள அரசு பஸ்கள் வரும் கேஎஸ்ஆர்டிசி பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில்தான் உண்மையான கம்மட்டிப்பாடம் இருக்கிறது. பெயரிலேயே பாடம் இருக்கிறதே, மலையாளத்தில் வயல் என்று பொருள். பெரிய மழை பெய்தால் அந்த பஸ் ஸ்டாண்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். இங்கே ஏன் இப்படி என்று கேட்டபோது டீக்கடையில் ஒரு பெரியவர், இதெல்லாம் தாழ்ந்த நிலம், வெள்ளத்துக்குப் போக வேறு இடம் இல்லை மோனே என்றார். படம் வருவதற்கு முன்பே எனக்குக் கதை தெரிந்த மாதிரிதான்.

பழையரீல்:
மழையும் பஸ் ஸ்டாண்டும் சரி தம்பி, நான் கேட்டது சினிமா பற்றி. சுரேந்திரனைப் பார்த்தால் பயம் வருகிறதா? ஒரு நகரமே ஒருவனுக்கு அடங்கியது என்று நம்ப வைக்க வேண்டாமா? 1990-இல் வந்த சாம்ராஜ்யத்தில் மம்முட்டி நடந்து வருவார், பின்னால் இளையராஜாவின் இசை மட்டும்தான், அவர் ஏற்ற அலெக்ஸாண்டர் யார் என்று வசனமே இல்லாமல் புரிந்துவிடும். தாதாவைக் காட்டத் தெரிந்த கை அது. அடியாட்களின் துயரத்தைச் சொல்வது வேறு வகைப் படம், அதற்கு வேறு பெயர் வையுங்கள்.

வயல்காட்டான்:
வேறு வகை என்று பிரித்து வைத்தால் வசதியாகப் போய்விடும் சார். நிலம் எப்படிக் கைமாறியது என்று சொல்லாமல் கொச்சி தாதாவைப் பற்றி எப்படிப் பேசுவது? கேரள நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. குத்தகைக்கு உழுதவருக்கு நிலம் கிடைத்தது. ஆனால் வயலில் கூலிக்கு இறங்கிய புலையர் போன்ற தலித் மக்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் குடிகிடப்பு உரிமைதான், அதாவது குடிசை நின்ற இடம். பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3. மூன்று சென்ட்! சுற்றிலும் நகரம் வளர வளர அந்த மூன்று சென்டுக்கு விலை ஏறுகிறது, அப்போதுதான் சுரேந்திரன் மாதிரி ஆட்கள் வருகிறார்கள். அந்த மக்களைக் கிளப்ப அவர்கள் வீட்டுப் பையன்களையே அனுப்புகிறார்கள். பாலன் தன் சொந்த சனத்தைக் காலி செய்யப் போகிறான், அந்தச் செய்தி தாங்காமல் அவன் தாத்தா செத்துப் போகிறார். அதைவிட பயங்கரமான ஒரு தாதா காட்சி மலையாளத்தில் இருக்கிறதா? அதில் துப்பாக்கிகூட இல்லை.

நாஞ்சில்செல்வி:
இரண்டு பேரும் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். வயல்காட்டான் அண்ணா, நீங்கள் சொல்வதில் பாதிக்குமேல் எனக்கும் சம்மதம். ஆனால் ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். இது கங்காவின் படம் என்றால் கதை ஏன் துல்கர் சல்மான் நடித்த கிருஷ்ணன் வழியாக வருகிறது? அவன் கங்காவின் சாதிக்காரன் இல்லை. மும்பையில் செக்யூரிட்டியாக இருப்பவனுக்கு கங்காவிடமிருந்து போன் வருகிறது, கிளம்பி வந்து தேடுகிறான், நினைத்துப் பார்க்கிறான், கடைசியில் பழி தீர்ப்பதும் அவனே. கங்காவின் சாவைக்கூட நாம் இன்னொருவன் தேடித்தான் தெரிந்துகொள்கிறோம். நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்குக் கதை சொல்லும் இடமும் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் ஒவ்வொரு முறையும் எனக்கு வருகிறது.

கங்காவாக நடித்த விநாயகனைத் தமிழில் திமிருவிலும் அப்புறம் ஜெயிலர் வர்மனாகவும்தான் பலருக்குத் தெரியும். அவர் வளர்ந்ததே அந்தக் கம்மட்டிப்பாடத்தில்தான். இந்தப் படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது, பாலனாக நடித்த மணிகண்டன் ஆச்சாரிக்கும் சிறந்த குணச்சித்திர நடிகர் விருது. போஸ்டரில் நாயகன் யாராக இருந்தாலும், அந்தத் தேர்வுக் குழு நாயகனாகப் பார்த்தது விநாயகனைத்தான். அப்படிப்பட்டவரை நடுவில் வைத்தே எடுத்திருக்கலாம்.

வயல்காட்டான்:
செல்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. துல்கர் இல்லாமல் இந்தப் படத்துக்கு இவ்வளவு பணம் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான், ஆனால் அது வியாபாரக் காரணம், கதைக்கான காரணம் ஆகாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்வர் அலி எழுதி விநாயகனே இசையமைத்த அந்தப் புழு புலிகள் பாட்டில், இந்தக் காயலும் கரையும் யாருக்கும் சொந்தமில்லை மகனே என்கிற பொருளில் ஒரு வரி வரும். அந்த இடத்தில் மட்டும் கிருஷ்ணனின் குரல் மறைந்து அந்த மக்களே பேசுவது போல எனக்குப் படும்.

பழையரீல்:
தாத்தா சாகும் காட்சியை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாலன் அதற்கப்புறம் அடிதடியை விட்டுவிட நினைப்பது எனக்கு அவசரமாகத் தெரிந்தது, இப்போது காரணம் புரிகிறது. ஆனாலும் வின்சென்ட் கோமஸை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதிகாரத்தில் இருப்பவனை ஒருவன் நேருக்கு நேர் நின்று எதிர்ப்பதைப் பார்க்க 1986-இல் தியேட்டருக்குப் போனவர்களுக்கும் ஒரு தாகம் இருந்தது தம்பி. அதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள்.

வயல்காட்டான்:
பொய் என்று சொல்லவில்லை சார். அந்த எதிர்ப்புக்குக் கூலி வாங்கியவன் யார், ரத்தம் கொடுத்தவன் யார் என்று 30 வருடம் கழித்து வேறொருவர் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நாஞ்சில்செல்வி:
சரி, அனிதாவைப் பற்றி யாருமே பேசவில்லையே. கங்காவின் முறைப்பெண், கிருஷ்ணன் விரும்பியவள், கங்காவைக் கல்யாணம் செய்துகொண்டவள். அந்த மண்ணும் போய், வீட்டு ஆண்களும் போய், மிச்சம் இருப்பது அவள்தான். அவளுக்கு எத்தனை வசனம் என்று அடுத்த முறை பார்க்கும்போது எண்ணிப் பாருங்கள், இரண்டு பேருமே.