எங்கியின் சாவும் நீலியின் கண்ணீரும்

திருத்தணியிலிருந்து:

எல்லையோர ஊர்க்காரர்களான நாம், பழமொழியிலும் பேச்சிலும் வரும் பெயர்களால் பட்ட மானக்கேட்டைப் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறோம், என்னுடையதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கும் நகரியில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு திருத்தணி. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். 1960 வரை திருத்தணி ஆந்திராவோடு இருந்த ஊர், எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்குதான் பேச்சு. அதனால் எனக்குத் தெலுங்கு தெரியும் என்று ஒரு நினைப்பு. கடையில் கூட வேலை செய்யும் அக்கா ஒருநாள் மதியம் டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். என்னக்கா என்றேன். "ஏம் செப்பேதி, சுப்பி பெள்ளி எங்கி சாவுக்கொச்சிந்தி" என்றார்.

பெள்ளி என்றால் கல்யாணம். சாவு என்றால் சாவுதான். கல்யாண வீட்டில் எங்கி என்று யாரோ தவறிவிட்டார் போல என்று நான் முடிவு கட்டினேன். அக்காவுக்கு லீவு கேட்க வாய் வரவில்லை என்று நினைத்து, நானே முதலாளிக்குப் போன் போட்டேன். "சார், அக்கா சொந்தத்தில் எங்கி செத்துட்டாங்களாம், சுப்பி கல்யாணத்துல." எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

எங்கியும் இல்லை, சுப்பியும் இல்லை. சுப்பம்மா சுப்பி ஆனாள், வெங்கம்மா எங்கி ஆனாள், அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள். ஒருத்தருக்குக் கொண்டாட்டம், சம்பந்தமே இல்லாத இன்னொருத்தருக்குத் திண்டாட்டம் என்பதற்கு அது பழமொழி. அந்த வாரம் முதலாளி வீட்டில் கல்யாணம், அவர் போட்டுவிட்டுப் போன வேலையெல்லாம் அக்கா தலையில் விழுந்திருந்தது. அவர் புலம்பியதை நான் நேராக முதலாளியிடமே சேர்த்திருக்கிறேன். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இதில் என் அம்மா பெயர் வேறு வெங்கம்மா. அதை அப்புறம் சொல்கிறேன்.

களியக்காவிளையிலிருந்து:

அண்ணே, உங்களுக்கு ஒரு வாரம். எங்கள் அப்பாவுக்குப் பதினைந்து வருடமாக ஓடுகிறது.

1956இல் எங்களையும் கேரளாவையும் கோடு போட்டுப் பிரித்தார்கள், சந்தையில் வாய் மட்டும் பிரியவில்லை. அப்பா டீக்கடையில் கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்ட மலையாளச் சொல் ஒன்று "சக்கிக்கொத்த சங்கரன்". நம் "ஜாடிக்கேத்த மூடி" போல நல்ல பொருத்தம் என்று அவர் எண்ணம். அக்காவை கேரளத்துப் பாறசாலையில் கொடுத்தோம். நிச்சயத்தன்று இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்ததும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சபை கேட்க அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்.

அதற்கு அங்கே பொருள் வேறு. அவளும் சரியில்லை, இவனும் சரியில்லை, நன்றாகச் சேர்ந்தார்கள் என்று நக்கலாகச் சொல்வது. ஒரே குட்டையில் ஊறின மட்டை என்போமே, அதுதான். நிச்சய வீட்டில் அதைப் பெண்ணின் அப்பாவே சொன்னால்? மாப்பிள்ளையின் மாமாதான் காப்பாற்றினார். "சங்கரன் ஞங்ஙளுடெ, சக்கி நிங்ஙளுடெ, சரியல்லே?" என்று சிரித்தார். அத்தான் இன்றைக்கும் அக்காவை சக்கி என்றுதான் கூப்பிடுகிறார். அப்பாவுக்கு அந்தப் பெயர் காதில் விழுந்தாலே கூசும்.

செங்கோட்டையிலிருந்து:

என் சித்தி மகள் பெயர் ஷீலா. நர்சிங் முடித்து ஆஸ்திரேலியா போனாள். வார்டில் ஒரு கிழவர் "ஷீலா" என்று சொல்லும்போதெல்லாம் இவள் ஓடுவாள். அவரோ இவளைக் கூப்பிடவே இல்லை. அந்த ஊர்ப் பழைய ஆட்கள் பேச்சில் ஷீலா என்றால் யாரோ ஒரு பெண், அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஓடியிருக்கிறாள். அமெரிக்காவில் கேரன் என்று பெயர் வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம், கடையில் மேனேஜரைக் கூப்பிடு என்று சண்டைக்கு நிற்கும் பெண்ணுக்கெல்லாம் அந்தப் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

திருவாலங்காட்டிலிருந்து:

எங்கள் பக்கத்துக்காரியை யாரும் சொல்லவில்லையே. நீலியைத்தான் சொல்கிறேன். எனக்குப் பிறந்த வீடு பழையனூர்ப் பக்கம். நீலிக் கண்ணீர் என்ற சொல்லை எங்கள் பாட்டி முன்னால் எடுக்க முடியாது. "அவ எதுக்கு அழுதாள்னு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார்.

பாட்டி சொன்ன கதையில் முன்பிறவியில் அவளைப் புருஷன் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகன், பழையனூருக்கு வருகிறான். அவள் பேயாகப் பின்னால் வருகிறாள். கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறான் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். குழந்தையும் அவனை அப்பா என்கிறது. சபையில் இருந்த 70 வேளாளர்களும், உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு ஓர் அறைக்குள் அனுப்புகிறார்கள். விடிந்தால் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்கினார்கள். திருஞானசம்பந்தரே ஆலங்காட்டுப் பதிகத்தில் "வஞ்சப்படுத்தொருத்தி" என்று இதைத் தொட்டுவிட்டுப் போகிறார். நீலகேசி என்ற சமணக் காப்பியம் அதே பழையனூர் நீலியை வாதம் செய்து ஜெயிக்கிறவளாக மாற்றிவிட்டது. ஊரார் வாயில் நின்றது கண்ணீர் மட்டும்தான். முதலில் கொலை செய்தவனுக்கு ஒரு பழமொழியும் இல்லை, கவனித்தீர்களா?

சரி, என் கதை. ஆந்திராவில் புத்தூர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் பங்குத் தகராறு. பேசித் தீர்க்க உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கொழுந்தனார், "இந்த நீலிக் கண்ணீரெல்லாம் இங்க வேணாம்" என்றார். நடுவில் இருந்த பெரியவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். தெலுங்கில் நீலி என்றால் நீல நிறம். பொய்யழுகைக்கு அவர்களிடம் "மொசலி கன்னீரு" உண்டு, முதலைதான், நீலி கிடையாது. அவர் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீலி ரங்கு லேதே?" என்றார், நீல நிறத்தையே காணோமே என்று. அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். "பார்த்தீங்களா நடிப்பை" என்றார் கொழுந்தனார். அரை ஏக்கர் போனது.

ஆரல்வாய்மொழியிலிருந்து:

எக்கா, நீலி உங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. கள்ளிக் கொம்புக் குழந்தையோடு அதே கதையை இங்கே வில்லுப்பாட்டில் இசக்கி கதையாகப் பாடுவார்கள். முப்பந்தலில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு இசக்கியம்மாள், ஒரு இசக்கிமுத்து. நாகர்கோவில் பக்கம் கள்ளியங்காடு இருக்கிறதே, அந்த ஊர் நீலியைத்தான் மலையாளத்தார் யட்சி என்பார்கள். வழியில் போகிறவனிடம் சுண்ணாம்பு கேட்பாள். கடமற்றத்துக் கத்தனார் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் மந்திரத்தால் அடக்கினார் என்று கதை.

இது தெரியாமல் நான் திருவனந்தபுரத்து ஆபீசில், லீவு கேட்டு அழுத ஒரு பெண்ணைப் பற்றி "அது நீலிக் கண்ணீர்" என்று சொல்லிவிட்டேன். "அவள் யட்சியாணோ?" என்று ஒருவன் ஆரம்பித்தான். மறுநாளிலிருந்து அவளைப் பார்த்தால் சுண்ணாம்பு வேண்டுமா என்று கேட்டார்கள். என்ன ஏது என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு வாரம் கழித்து நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன். உண்மையிலேயே அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல்தான் இருந்தது.

மறுபடியும் திருத்தணி:

அம்மா கதை பாக்கி. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். பிறந்த வீட்டில் அவரை எங்கி என்றுதான் கூப்பிடுவார்களாம், எனக்கு அன்றுதான் தெரியும். "சுப்பி கல்யாணத்துக்கு நான் ஏண்டா சாகணும்?" என்றார். அப்புறம், "உங்க முதலாளி வீட்ல சாப்பாடு எப்பிடி, நல்லாப் போட்டாங்களாமா?"