வாய்க்கால் கரையில் காலை நடை: ஈரோட்டில் எந்தப் பக்கம் போகலாம்?

சென்னை மருமகள் கேட்டது:

வணக்கம்ங்க. சென்னையிலிருந்து ஈரோட்டுக்குக் குடிவந்து ஏழு மாதம் ஆகிறது, வீடு கருங்கல்பாளையத்தில். மாமனாருக்கு 68 வயது, சர்க்கரை ஏறி இறங்கி ஆட்டம் காட்டுகிறது, தினமும் 40 நிமிடம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வ.உ.சி. பூங்காவுக்கு இரண்டு நாள் கூட்டிப்போனோம். மூன்றாம் நாள் சட்டை போடாமலே உட்கார்ந்துவிட்டார். "செக்கு மாடாட்டம் ஒரே எடத்தச் சுத்தறதுக்குப் பேரு நடையா? வாய்க்கா மேட்டுல நடந்தாத்தான் எனக்கு நடந்தாப்பல இருக்கும்" என்கிறார். ஊஞ்சலூர்ப் பக்கம் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது, மாடு மேய்த்தது, நீச்சல் பழகியது எல்லாமே காலிங்கராயன் வாய்க்கால் கரையில்தானாம்.

எனக்குத் தெரிந்த கால்வாய் பக்கிங்காம் கால்வாய் ஒன்றுதான். அதையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் தாண்டியதோடு சரி. இங்கே வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் வாய்க்கால், போய்ப் பார்த்தேன். தண்ணீர் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் கொஞ்சம் தள்ளினால் குப்பென்று ஒரு நாற்றம், கரையில் குப்பை, அதைக் காவல் காக்கிற மாதிரி நான்கு நாய்கள். நல்ல தண்ணீருக்குப் பக்கத்தில் எப்படி இந்த நாற்றம் என்று புரியவில்லை.

இந்தக் கரையில் வயதானவர் நடக்கிற மாதிரி எந்தப் பகுதி இருக்கிறது? எத்தனை மணிக்குப் போகலாம்? மூன்றாவது படிக்கும் என் மகளும் தாத்தாவோடு போவேன் என்று அடம் பிடிக்கிறாள், அனுப்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்ரஹாரத்தான் எழுதியது:

நாற்றத்துக்குப் பதில் முதலில். நீங்கள் பார்த்தது இரண்டு வாய்க்கால். பெரியது காலிங்கராயன். அதை ஒட்டியே குறுகலாக, சிமெண்டில் ஒன்று போகிறதே, அதற்குப் பேர் பேபி வாய்க்கால். பேர் என்னவோ செல்லமாகத்தான் இருக்கிறது, ஓடுவது சாக்கடை. முன்பெல்லாம் சாயப்பட்டறைத் தண்ணீர், தோல் பட்டறைத் தண்ணீர், வீட்டுச் சாக்கடை எல்லாமே நேராகப் பெரிய வாய்க்காலில்தான் விழும். எங்கள் பி.பெ.அக்ரஹாரத்தில் நான் பையனாக இருந்தபோது காலையில் சிவப்பு, மத்தியானம் பச்சை என்று தண்ணீர் நிறம் மாறியதைப் பார்த்தே அன்றைக்கு என்ன சாயம் ஓடுகிறது என்று சொல்லுவோம். அந்தக் கழிவைப் பிரித்துத் தனியாகக் கொண்டுபோகத்தான் இந்தக் குட்டி வாய்க்காலை வெட்டினார்கள். நின்று போச்சா என்றால் முழுசாக நிற்கவில்லை. ஆனால் பழைய நிலைமையைப் பார்த்தவனுக்கு இப்போது இருப்பது எவ்வளவோ தேவலை.

அதனால் டவுனுக்குள் இருக்கிற துண்டில் நடக்காதீர்கள். காலையில் ஈரோட்டிலிருந்து பவானி போகும் டவுன் பஸ்ஸில் ஏறிக் காலிங்கராயன்பாளையத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். அணைக்கட்டு அங்கேதான். பவானி ஆறு காவிரியில் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் அதை மறித்துக் கட்டியிருக்கிறார்கள். வாய்க்கால் புறப்படுகிற இடத்தில் தண்ணீர் சுத்தமாக இருக்கும். அங்கிருந்து கரையோடு கீழே 20 நிமிடம் நடந்து திரும்பி வந்தால் டாக்டர் சொன்ன கணக்கு முடிந்தது. வெயில் ஏறுவதற்குள், அதாவது ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.

நாய்க்கு ஒரு குச்சி போதும். அடிக்க வேண்டாம், கையில் இருந்தாலே மரியாதை தரும்.

வாய்க்கா மேட்டுக்காரி எழுதியது:

அக்ரஹாரத்துத் தம்பி சொன்னதில் தப்பில்லை. ஆனால் டவுனுக்குள் நடக்கவே நடக்காதீர்கள் என்றால் அப்புறம் டவுனில் இருக்கிறவர்கள் எங்கே போவது? நான் முப்பத்தைந்து வருடமாக இந்தக் கரையில்தான் குடியிருக்கிறேன், இதே கரையில்தான் நடக்கிறேன். வாய்க்கால் தண்ணீரில் துணி துவைத்துக் கரையிலேயே காயப்போட்டு, பிள்ளைகளைக் குளிக்க வைத்து, வெங்கலப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு வீடு திரும்பினால் பத்து மணி ஆகிவிடும். அந்தப் படித்துறையில் உட்கார்ந்தால்தான் எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த வீட்டில் மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் தெரியும். இப்போது வாஷிங் மிஷின் வந்து அந்த ஜோலியைக் கெடுத்துவிட்டது. எனக்கும் ஒன்று வீட்டில் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

பங்குனியில் பெரிய மாரியம்மன் திருவிழா வரும்போது மாமனாரைக் கட்டாயம் காரைவாய்க்காலுக்குக் கூட்டிப்போங்கள் கண்ணு. பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் மூன்று கோவிலிலும் அம்மனுக்கு முன்னால் நட்டு வைத்திருக்கிற மரக் கம்பமும் ஊர்வலமாக வந்து அங்கே தண்ணீரில்தான் விடுவார்கள், அன்றைக்கு ஊரே மஞ்சள் தண்ணியில் நனைந்து கிடக்கும். வேண்டாத சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது.

நேரம் என்று கேட்டால், ஆறு மணிக்கு மேல் போங்கள், இருட்டில் வேண்டாம். கரையோரத்தில் இன்னமும் ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். தண்ணீர்ப் பாம்பு குறுக்கே போனால் பயப்பட வேண்டாம், அதன் பாட்டுக்குப் போய்விடும். இந்த வாய்க்காலுக்கு வழி காட்டியதே ஒரு பாம்புதான் என்று எங்க அப்பத்தா சொல்லும். பாம்பு ஊர்ந்த தடத்திலேயே வெட்டினதால்தான் இப்படி நெளிந்து நெளிந்து போகிறதாம்.

கடைமடை விவசாயி எழுதியது:

மேட்டுக்கார அக்கா பாம்புக் கதையைத் தொட்டதால் நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீளமாகப் போனால் மன்னிக்கவும், வாய்க்கால் என்றால் எனக்கு வாய் நிற்காது.

பவானியிலிருந்து கொடுமுடிக்கு நேராகக் கோடு போட்டால் 50 கிலோமீட்டர்கூட வராது. வாய்க்கால் ஓடுவதோ சுமார் 90 கிலோமீட்டர், கடைசியில் ஆவுடையார்பாறையில் நொய்யலில் போய்ச் சேருகிறது. இத்தனை நெளிவு எதற்கு? தண்ணீரை மேட்டிலேயே பிடித்து வைத்திருக்க. நேராக வெட்டினால் சரசரவென்று இறங்கிக் காவிரிக்கே போய்விடும், பக்கத்து வயலுக்கு ஏறாது. நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் வந்தால் ஒதுங்கி, மேடு வந்தால் சுற்றிக்கொண்டு போனால் மெதுவாக இறங்கும், போகிற வழியெல்லாம் மடையில் பாயும், கிணற்றிலும் ஊறும். இப்போது இருக்கிற மாதிரி லெவல் பார்க்கிற கருவி இல்லாத காலத்தில், 1283-ல் இதை முடித்திருக்கிறார் காலிங்கராயர். பாம்பு வழி காட்டியதோ இல்லையோ, அந்த மண்ணை அவர் பாம்பு மாதிரி வயிற்றால் தடவிப் பார்த்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். தன் குடும்பத்துக்காக வெட்டினான் என்று யாரும் பேசிவிடக்கூடாது என்பதற்காக, என் சந்ததியில் யாரும் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டதாக எங்கள் ஊரில் பேச்சு. வருடா வருடம் தை 5-ஆம் தேதி அணைக்கட்டில் விவசாயிகள் கூடி அவர் நாள் கொண்டாடுகிறோம். உங்கள் மாமனாரை அதற்கும் அழைத்துவரலாம்.

பாசனம் 15,743 ஏக்கர். மஞ்சள், நெல், கரும்பு, வாழை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எல்லோரும் பெருமையாகப் பேசினார்கள், சரிதான். ஆனால் அந்த மஞ்சளுக்குப் பாய்கிற தண்ணீரில் மேலே என்னென்ன கலந்து வருகிறது என்பது கடைமடையில் இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். டவுன்காரர்கள் நாற்றம் அடிக்கிறது என்று நடையை வேறு பக்கம் மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் வயலை எங்கே மாற்றுவது?

கரைக்கு காங்கிரீட் போட்டதிலும் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. தண்ணீர் சீக்கிரம் கடைமடைக்கு வருகிறது என்பது நிஜம், நான் மறுக்கவில்லை. கிணறு ஊறுவது குறைந்துவிடும் என்பவர்கள் பேச்சும் பொய் இல்லை. கீழ்பவானி வாய்க்காலில் இதே காங்கிரீட் விஷயம் எவ்வளவு பெரிய சண்டையானது என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அது 200 கிலோமீட்டர், 2 லட்சம் ஏக்கருக்கு மேல், அங்கே கசிவுநீரை நம்பியே தனியாக ஒரு விவசாயம் நடக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டைதான் சீக்கிரம் தீராது.

சரி, நடைக்கு வருகிறேன். ஊஞ்சலூர்க்காரர் என்றால் டவுனில் அவர் கால் நிற்காது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது எங்கள் பக்கம் கூட்டிவாருங்கள். மாசியில் வந்தால் கரை நெடுக மஞ்சள் வேகவைக்கிற வாசம் வரும். அந்த வாசத்தில் நடந்தால் சர்க்கரை இறங்குமா என்று தெரியாது, மனசு இறங்கும்.

இரண்டு பிள்ளைக்காரன் எழுதியது:

குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே, அதற்குத்தான் வந்தேன்.

அனுப்பலாம், ஆனால் கை பிடித்தபடிதான். நாங்கள் நீந்தின காலத்தில் கரை மண்ணாக இருந்தது, வழுக்கினாலும் புல்லையோ வேரையோ பிடித்து ஏறிவிடலாம். இப்போது காங்கிரீட் போட்ட இடத்தில் சுவர் சரிவாக, பாசி பிடித்து, சோப்பு தடவின மாதிரி இருக்கிறது. உள்ளே விழுந்தால் பெரிய ஆளுக்கே பிடிமானம் கிடைக்காது. போன வருடம் என் பெரிய பையன் செருப்பு விழுந்துவிட்டது என்று குனிந்தான், அவ்வளவுதான், இடுப்பு வரை உள்ளே. நான் இரண்டே எட்டு பின்னால் இருந்தேன், சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டேன். செருப்பு மட்டும் கொடுமுடிக்குப் போய்விட்டது. மதகுக்கிட்டே தண்ணீர் மேலாகப் பார்க்க அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். அங்கே எட்டிப் பார்க்கவே விடாதீர்கள். நீச்சல் தெரிந்த தாத்தாவானாலும் 68 வயதில் குழந்தைக்காகக் குதிக்கிற நிலைமை வரவே கூடாது. முதல் பத்து நாள் நீங்களும் கூடப் போங்கள்.

இன்னொன்று. வழக்கமாக ஜூன் மாதத்தில் தண்ணீர் விட்டால் பத்து மாதம் போல ஓடும். கோடையில் நிறுத்தி மராமத்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில் டவுன் பக்கம் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும், கொசு பிடுங்கும். அந்த ஒன்றரை மாதம் மட்டும் மாமனாரைச் சமாதானம் பண்ணி செக்கு மாடாகச் சுற்ற வையுங்கள்.

கால் விஷயம் மறந்துவிட்டேன். சர்க்கரைக்காரர் என்கிறீர்கள், வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். ஊர்க்காரர்களுக்கு வாய்க்கால் கரை என்றாலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளத் தோன்றும். எங்க அப்பாவும் அப்படித்தான். கரையில் கண்ணாடிச் சில்லு கிடக்கிறது.

சென்னை மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று காலை மூன்று பேரும் பவானி பஸ் ஏறிக் காலிங்கராயன்பாளையம் போனோம். மாமா அணைக்கட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றினார். பிள்ளைக்கார அண்ணன் சொன்னதை அப்படியே ஃபோனில் படித்துக் காட்டினேன். "யாரு எழுதுனது, எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார்.

மகள் கையை விடவில்லை. மீன்கொத்தி ஒன்று கம்பியிலிருந்து நேராகத் தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது, அதைப் பார்த்த இடத்திலேயே பத்து நிமிடம் நின்றுவிட்டாள். நானும் நின்றேன், அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டி துணி துவைத்துக்கொண்டிருந்தார், மாமா எந்த ஊர் என்று விசாரித்து, எங்கெங்கோ சுற்றி ஏதோ ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிட்டார்.

ஒரே பிரச்சினை. 40 நிமிட நடை ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மதகு வந்தால் நிற்கிறார், மடை வந்தால் நிற்கிறார், எதிரில் ஆள் வந்தால் கட்டாயம் நிற்கிறார். ஃபோனில் பார்த்தால் எடுத்து வைத்தது மொத்தமே 2,300 காலடிதான். டாக்டரிடம் எதைச் சொல்வது, நேரத்தையா, காலடிக் கணக்கையா?

வாய்க்கா மேட்டுக்காரி எழுதியது:

போகும்போது நிற்காமல் நடக்கச் சொல்லு கண்ணு, திரும்பி வரும்போது எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். எங்க வீட்டுக்காரருக்கு இப்படித்தான் பழக்கினேன். அப்புறம் அந்தத் துவைக்கிற பாட்டி எந்த ஊர் என்று சொன்னார்கள்? எனக்கும் சொந்தமாக இருக்கப் போகிறது.