ஈசூன் சொந்தங்கள்: நாளைக்கு மூவார்

செல்வி அக்கா: காலைல 5 மணிக்கு சிங்கப்பூர்லருந்து மலேசியா மூவாருக்குப் பரிசத்துக்குக் கிளம்பணும். முரளி கார் வைப்பர் கடகடன்னு உதறுது. மழை வேற. யாராச்சும் வழி சொல்லுங்க

ராஜா மாமா: மேல போறப்பவா, கீழ வர்றப்பவா?

முரளி: ரெண்டும் மாமா. கீச்சுன்னு சத்தம் வேற

ராஜா மாமா: ரெண்டு பக்கமும்னா முதல்ல கண்ணாடியப் பாரு. தண்ணி ஊத்து. முத்து முத்தா நின்னா மெழுகோ எண்ணெயோ படிஞ்சிருக்கு. ரப்பர் அதுல ஒட்டி ஒட்டி விடும், அதான் உதறல். கார் கழுவுற மெழுகு ஷாம்பூவாலயும் வரும். கண்ணாடி பாலிஷை ஈரத்துணியில தொட்டு வட்டமா தேய். தண்ணி பரவலா விரியுற வரைக்கும் விடாத

முரளி: கடை மூடிட்டான்

ராஜா மாமா: ஐசோபுரோப்பில் ஆல்கஹால் இருந்தா துணியில நனைச்சுத் துடை. எண்ணெய்ப் படிவு போயிரும். பெயிண்ட்ல படாமப் பாத்துக்க

மீனா அத்தை: தட்டு 9ஆ 11ஆ?

செல்வி அக்கா: 11. பூவுக்கு தேக்கா கடையில சொல்லியாச்சு

மீனா அத்தை: என்கிட்ட யாரும் கேக்கல

செல்வி அக்கா: அத்தை அது அப்புறம்

கார்த்தி: துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே ரப்பர்ல அடிச்சா?

ராஜா மாமா: கூடவே கூடாது. எண்ணெய் கண்ணாடியில ஏறிரும், ராத்திரி எதிர் லைட்டுல ஒண்ணும் தெரியாது. ரப்பர் விளிம்பை ஈரத்துணியால கறுப்பு வர்றது நிக்கிற வரைக்கும் துடை. விறைச்சோ வெடிச்சோ இருந்தா மாத்தத்தான் வேணும். வெயில்ல நிக்கிற காருக்கு வருஷம் ஒருதரம் மாத்துறது நல்லது. பெரும்பாலும் ரெண்டு பிளேடும் நீளம் வேற வேற, அளந்து வாங்கு. பிளேடைக் கழட்டினா கண்ணாடி மேல டவலை மடிச்சுப் போடு. பிளேடு இல்லாத வைப்பர் கை ஸ்பிரிங்ல சட்டுனு விழுந்தா கண்ணாடி விரிசல் விட்டுரும்

முரளி: துடைச்சாச்சு. இப்ப கீழ வர்றப்ப மட்டும்தான்

ராஜா மாமா: அப்ப வைப்பர் கை முறுக்கிருக்கு. வைப்பர் பாதியில இருக்கப்ப சாவிய அணை. ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தா நிக்கணும். சாஞ்சிருந்தா ஒரு பக்கம் வழுக்கிப் போகும், மறுபக்கம் முட்டும். கையைத் தூக்கி நிறுத்திட்டு, ரெண்டு ஸ்பேனரால சாய்வுக்கு எதிர்ப்பக்கம் துளித்துளியா முறுக்கணும். நீ தொடாத, நான் வரேன்

கார்த்தி: பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்கா? சிங்கப்பூர் காருக்கு அதுக்குக் கம்மியா இருந்தா உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல திருப்பிருவாங்க

முரளி: பாதிதான் 😬

மீனா அத்தை: பெரியண்ணன் வேன் சும்மாதானே நிக்குது

செல்வி அக்கா: நான் கேக்க மாட்டேன்

மீனா அத்தை: நான் மட்டும் கேக்கணுமா

ராஜா மாமா: முரளி, பெட்ரோல் அடிச்சிட்டு மல்டி-ஸ்டோரி கார்பார்க் கீழ்த்தளத்துல நிறுத்து. லைட் நல்லா இருக்கும்

முரளி: அங்க பார்க்கிங் லாட் இல்ல மாமா, ஓபன்லதான் இடம் இருக்கு